முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர்

அந்த வருடம் ஆபீஸில் எனக்கு ரேஸ்காரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். மதிய இடைவேளையில் மற்றவர்கள் எக் ரோல் சாப்பிட்டுக்கொண்டு அரட்டை அடிக்கும்போது நான் மட்டும் போனில் டர்போ காருக்கான மீட்டர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பூஸ்ட் மீட்டர், ஆயில் பிரஷர் மீட்டர், ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர். என் காரை நேரில் பார்த்தவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். பதினோரு வருடம் ஓடிய டீசல் கார். பெயிண்ட் வெளுத்து, பின்பக்க பம்பரைக் கம்பியால் கட்டி வைத்திருந்த வண்டி. இதுக்கு மீட்டர் ஒரு கேடா என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்ல ஆரம்பித்தால் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆறுதல் சொல்வார்கள். அதற்கு ரேஸ்காரன் என்ற பெயரே பரவாயில்லை.

மகளுக்கு அப்போது ஆறு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது. பேச்சு வரவில்லை. நியூ டவுனில் பதினொன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில், நாள் முழுக்க ஹாலின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடந்துகொண்டே இருப்பாள். ஊட்டினால் துப்புவாள், அழுத்தித் தொட்டால் கத்துவாள். சாயங்காலம் நாலரைக்கு அவளைக் கீழே கூட்டிப்போய், அந்தக் காரின் பின்சீட்டில் இடது பக்கம் உட்காரவைத்து வண்டியை எடுத்தால், எல்லாம் அடங்கிவிடும். மெயின் ரோட்டுக்கு வந்து இரண்டாவது கியரில் கொஞ்சம் மிதித்ததும் டர்போ சுற்ற ஆரம்பிக்கும். இன்ஜின் விடும் புகையின் வேகத்திலேயே சுற்றி, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிற சின்னச் சக்கரம் அது. அது சுற்றும்போது மெல்லிய விசில் சத்தம் ஒன்று வரும். அந்தச் சத்தம் வந்ததும் மகள் தலையை ஆட்டுவதை நிறுத்துவாள், தோள் தளரும், வாய் லேசாகத் திறக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நானோ மனைவியோ அப்போது டப்பாவைத் திறந்து தயிர்சாதம் ஊட்டுவோம். ஒருவர் ஓட்ட, ஒருவர் ஊட்ட. அவள் ஒரு நாளில் ஒழுங்காகச் சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான்.

மனைவியின் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கிறது. லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் பெங்காலி, துக்கம் வந்தால் தமிழ். நான் பதினைந்து வருடங்களுக்கு முன் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். வெளியூர்க் கம்பெனிகளின் சர்வர்களைக் கண்காணிப்பது என் வேலை. பெரிய திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு வந்தால் மணி அடிக்கும், அடித்தால் ஓட வேண்டும். இப்படி ஒருவனுக்கு வீட்டில் இப்படி ஒரு கார் வாய்த்தால் அவன் அதற்கு மீட்டர் வைக்காமல் என்ன செய்வான்?

ஆனால் அந்தப் புத்தி எனக்கு ஒரு முறை பட்ட பிறகுதான் வந்தது. ஆயில் மாற்றுவதை, இந்த வாரம் அடுத்த வாரம் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். கெட்டுப்போன ஆயிலில் டர்போ தேய்ந்து, ஒருநாள் நார்கேல்பாகான் தாண்டியதும் கார் பின்னால் வெள்ளையாகப் புகை கக்கியது. இன்ஜினையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஹவுராவில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மெக்கானிக் மிஸ்திரியைப் பிடித்து அங்கே கொண்டுபோய்ப் போட்டோம். இருபத்து மூன்று நாள் கார் அங்கே கிடந்தது.

அந்த இருபத்து மூன்று நாளை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆப் கேப் வரவழைத்தோம். உள்ளே ஏறியதும் அவள் என் தோளைக் கடித்தாள், டிரைவர் பயந்துபோய் இறங்கச் சொல்லிவிட்டார். மனைவியின் அண்ணன் தன் புதுக் காரைக் கொண்டுவந்தார். அது சத்தமே போடாத பெட்ரோல் கார். கதவைத் திறந்து சீட்டை முகர்ந்து பார்த்துவிட்டு மகள் தரையில் படுத்துக்கொண்டாள். நான் பெரிய கம்ப்யூட்டர்காரன் ஆயிற்றே, பழைய வீடியோ ஒன்றிலிருந்து அந்த விசில் சத்தத்தைப் பிரித்தெடுத்து, நாற்காலிக்கு அடியில் ஸ்பீக்கர் வைத்துப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் கேட்டாள். பிறகு ஸ்பீக்கரைத் தூக்கி எறிந்தாள். சாப்பாடு கிட்டத்தட்ட நின்றுபோனது. பதினைந்தாவது நாள் டாக்டர் எடை பார்த்துவிட்டு, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றார். முகத்தில் கை பட்டாலே கத்துகிறவளுக்கு மூக்கில் குழாய்.

காரை எடுக்கப் போன அன்று மிஸ்திரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். என்னை தாதா என்பார், பெங்காலியில் அண்ணன், நானும் அவரை தாதா என்பேன். இன்ஜின் ப்ளாக்கை எவ்வளவு கடைய முடியுமோ அவ்வளவும் கடைந்தாகிவிட்டது, இன்னொரு முறை உள்ளே கீறல் விழுந்தால் அது பழைய இரும்புக் கடைக்குத்தான் என்றார். இந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன, இன்ஜின் கிடைப்பதும் கஷ்டம், வேறு இன்ஜின் மாட்டினால் சத்தம் வேறாக இருக்கும் என்பதையும் அவரே சொன்னார். சத்தத்தைப் பற்றி நான் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

அன்று சாயங்காலம் மகள் காரில் ஏறி, சாலைக்கு வந்து, விசில் எழுந்ததும், டப்பாவில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள். மனைவி அழுதுகொண்டே ஊட்டினாள். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு ஒரே எண்ணம்தான். இந்த இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு ஒவ்வொரு நிமிடமும் தெரிய வேண்டும்.

அப்படித்தான் ரேஸ்காரன் ஆனேன்.

எக்ஸெல் ஷீட் போட்டேன். சிரிக்காதீர்கள், மதிப்பெண் எல்லாம் கொடுத்தேன். எனக்கு ஆசை பூஸ்ட் மீட்டர் மேல். டர்போ எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்று முள் எழும்பிக் காட்டும். மகள் கேட்கும் சத்தத்தைக் கண்ணால் பார்ப்பதுபோல. அடுத்து, புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர். அதற்கு அடுத்து ஆயில் சூடு. காரின் கம்ப்யூட்டரில் ஒரு பிளக்கைச் செருகினால் போனிலேயே எல்லாம் தெரியும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வாங்கிச் செருகிப் பார்த்தேன். எங்கள் காரின் கம்ப்யூட்டருக்கு ஆயில் பிரஷர் எவ்வளவு என்றே தெரியாது. குறைந்தால் சிவப்பு விளக்கை எரியவைக்கும், அவ்வளவுதான். அந்த விளக்கும் பிரஷர் அநேகமாகப் போன பிறகுதான் எரியும். ஆள் போன பிறகு தந்தி அடிப்பது மாதிரி.

நான் நாலு மீட்டர் வைக்கலாம் என்று படம் போட்டுக் காட்டியபோது மனைவி படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். மகள் எங்கே உட்காருவாள், அங்கிருந்து என்ன தெரியும் என்று யோசித்தாயா என்று கேட்டாள். யோசிக்கவில்லை. பின்சீட்டின் இடது மூலையிலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங்கும் டேஷ்போர்டும் நன்றாகத் தெரியும். நாங்கள் ஒருமுறை கண்ணாடியில் தொங்கிய காளி படத்தை எடுத்துவிட்டு வேறு படம் மாட்டியதற்கே அவள் மூன்று நாள் காரில் ஏறவில்லை. முன்னால் புதிதாக நாலு வட்டம் முளைத்து, பளபளவென்று எரிந்து, முள் ஆடினால் கேட்கவே வேண்டாம். நான் இன்ஜினைக் காப்பாற்றப் போய் பயணியைத் துரத்திவிடுவேன் போலிருந்தது.

அவள் கண்ணில் படாத இடம் என்று தேடினால் காரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவரின் வலது முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு சாண் இடம். அங்கே ஒரு மீட்டர்தான் பிடிக்கும். அந்த ஒன்று எது என்பதில்தான் பத்து நாள் சண்டை. எனக்கு அப்போதும் பூஸ்ட் மீட்டரை விட மனசில்லை. மனைவி நேராகக் கேட்டாள், எது போனால் இன்ஜின் உடனே போகும்? ஆயில் பிரஷர் என்றேன். அப்புறம் என்ன பேச்சு என்றாள். முழங்காலுக்குப் பக்கத்தில் இருப்பதை ஓட்டும்போது யாரும் பார்க்க முடியாது, அதனால் சத்தம் போடுகிற மீட்டராக வாங்கு என்றும் சொன்னாள். எக்ஸெல் ஷீட் பத்து நாளில் சொல்லாததை அவள் ரெண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

மல்லிக் பஜாரில் நாலு கடை ஏறி இறங்கினேன். போலிகள்தான் அதிகம். முள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நலம் நலம் என்று காட்டுபவை. கடைசியில் ஒரு கடையில் ஒழுங்கான மீட்டர் கிடைத்தது. வெள்ளை முகம், மங்கலான விளக்கு, பிரஷர் ஒன்று என்ற எண்ணுக்குக் கீழே போனால் கத்தும் பஸ்ஸர். கூடவே இன்ஜினில் பொருத்துவதற்கு எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சென்சார், கனமான பித்தளை உருளை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஹவுராவுக்குப் போய்விட்டேன். மிஸ்திரி சென்சாரைக் கையில் தூக்கிப் பார்த்ததும் முகம் சுளித்தார். இன்ஜினில் சிவப்பு விளக்குக்கான சின்ன ஸ்விட்ச் இருக்கும் துளையில் T வடிவத்தில் ஒரு பித்தளைத் துண்டைப் போட்டு, ஒரு பக்கம் பழைய ஸ்விட்ச்சையும் மறு பக்கம் புது சென்சாரையும் பொருத்த வேண்டும். ஆனால் இவ்வளவு கனத்தை நேராக அதில் தொங்கவிட்டால் டீசல் இன்ஜின் ஆட்டுகிற ஆட்டத்தில் என்றாவது ஒடிந்துவிடும் என்றார். அதற்கு வழி, நடுவே ஒரு ஓஸ் குழாய் கொடுத்து, சென்சாரை ஆடாத இடத்தில் தனியாக முடுக்கி வைப்பது. அந்த ஓஸின் முனையை லேத்தில் கடைந்து வாங்க இரண்டு நாள் ஆகும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

நாலரைக்கு மகள் கீழே வந்து நிற்பாள் என்றேன். இரண்டு நாள் என்னால் முடியாது. இன்றைக்கு அப்படியே மாட்டுங்கள், ஓஸ் தயாரானதும் ஒரு நாள் காலையில் வந்து மாற்றிக்கொள்கிறேன். அவர் சென்சாரை இன்னொரு முறை கையில் எடைபோட்டுப் பார்த்தார். பிறகு மாட்டினார். மாட்டும்போது பழைய ஸ்விட்ச்சின் ஒயர் தளர்ந்துபோய், சிவப்பு விளக்கு அவ்வப்போது சும்மா மின்னியது. அதையும் ஓஸ் போடும்போது சரிசெய்கிறேன், ஒரு வாரத்தில் கட்டாயம் வாருங்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

அன்று மாலை கார் பார்க்கிங்கில் நின்றுகொண்டு மனைவிக்குப் பாடம் எடுத்தேன். செவ்வாயும் வியாழனும் எனக்கு மாலை ஷிஃப்ட். அந்த இரண்டு நாளும் அவள் தனியாக மகளை பாலிகஞ்சில் இருக்கும் தெரபி சென்டருக்குக் கூட்டிப்போவாள். வழியில் சிக்னல்களில் நிறுத்தி, கையைப் பின்னால் நீட்டி ஊட்டுவாள். நான் அவளிடம் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"நீ குனிஞ்சு மீட்டரைப் பாக்காத. மேல மின்னுற செவப்பு லைட்டையும் நம்பாத, அது ஒயர் லூசு. ஏதாச்சும் ஆச்சுன்னா பஸ்ஸர் அடிக்கும். அடிச்சா மட்டும் உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணிரு."

அவள் தலையாட்டினாள். நான் சொன்னதை அப்படியே கேட்பவள் இல்லை அவள், ஆனால் கார் விஷயத்தில் அப்போது என்னை நம்பினாள்.

நாலாவது நாள், சிங்ரிகாட்டா சிக்னல். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், மனைவி பின்னால் ஊட்டிக்கொண்டிருந்தாள். வெயில், நெரிசல், இருபது நிமிடமாக வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பழைய இன்ஜின் சூடாகி நிற்கும்போது ஆயில் பிரஷர் கொஞ்சம் இறங்குவது சகஜம். முள் ஒன்றைத் தொட்டு, அதற்குக் கொஞ்சம் கீழே போனது. பஸ்ஸர் அலறியது. மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையை ஜன்னல் கண்ணாடியில் மோதினாள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாவது முறை நெற்றி சிவந்துவிட்டது. மனைவி டப்பாவைப் போட்டுவிட்டு அவள் தலைக்குக் கையைக் கொடுத்தாள். முழங்காலுக்குப் பக்கத்தில் தடவி மீட்டரின் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். சத்தம் நின்றது. மீட்டரின் மூலையில் குறுக்குக்கோடு போட்ட குட்டி மணி ஒன்று தெரிந்தது. பஸ்ஸர் அமர்த்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். தானாகத் திரும்ப வராது, நாம்தான் போட வேண்டும்.

சத்தம் நின்றதும் மனைவி, சரியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டாள். சரியாகிவிட்டது என்றேன்.

வீட்டுக்குப் போய், பஸ்ஸர் அடிக்கும் அளவை ஒன்றிலிருந்து பாதியாகக் குறைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஐந்து நிமிட வேலை. அன்று மகளைத் தூக்கிக்கொண்டு மேலே போனதில் மறந்துவிட்டேன். மறுநாள் ஆபீஸில் நினைவு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. பொய் சொல்லவில்லை, மறதி முதல் நாள் மட்டும்தான். அதற்குப் பிறகு நான் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். மகள் மறுபடி தலையை மோதுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நான் ஓட்டும் நாளெல்லாம் சிக்னலுக்குச் சிக்னல் குனிந்து முள்ளைப் பார்த்தேன். முள் நன்றாக நின்றது. எனக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. வந்து வந்து தானாகச் சரியாகிற எச்சரிக்கை மணியை யாரும் அமர்த்தலாம், தப்பில்லை. ஆனால் அமர்த்தியவன் ஷிஃப்ட் முடிந்து போகும்போது, எதை அமர்த்தினேன், ஏன், எதுவரைக்கும் என்று அடுத்து வருபவனுக்கு எழுதி வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். எழுதாமல் போனால் அடுத்தவன் மணி அடிக்கவில்லை, எல்லாம் நலம் என்று நம்பி உட்கார்ந்திருப்பான். அந்த விதியை எங்கள் டீமுக்கு எழுதியவனே நான்தான். எழுதாமல் போன பையன்களை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். வீட்டில் ஷிஃப்ட் மாறுவது எனக்கு உறைக்கவில்லை. வியாழக்கிழமை சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமையும் வைத்துவிட்டுப் போனேன். மிஸ்திரி போன் செய்து ஓஸ் தயார் என்றார். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். ஆயிலைத் தள்ளிப்போட்ட அதே வாய்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை, ஐந்து மணிக்கு முன்பே மனைவியின் போன் வந்தது. பெங்காலியில் ஆரம்பித்தாள், பாதியில் தமிழுக்கு மாறினாள். கார் நின்றுவிட்டது. மா ஃப்ளைஓவர் இறங்கும் இடத்தில், பார்க் சர்க்கஸ் முனையில்.

நான் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. ஃப்ளைஓவர் இறக்கம் முழுக்கத் தார் மேல் கறுப்பாக ஒரு ஆயில் கோடு, நேராக எங்கள் கார் வரைக்கும். டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் கூம்பு வைத்து வண்டிகளை விலக்கிக்கொண்டிருந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தேன். பித்தளை T ஒடிந்து, சென்சார் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஜினைக் காப்பாற்ற நான் மாட்டிய சாமான் வழியாகவே இன்ஜினின் ஆயில் எல்லாம் ரோட்டுக்குப் போயிருந்தது. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே இறுகிவிட்டது.

மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"லைட் எரிஞ்சுது. ஃப்ளைஓவர்ல ஏறினதுமே எரிஞ்சுது. பஸ்ஸர் அடிக்கல. அதனால லைட்டு பொய்யின்னு நெனச்சேன். நிறுத்தியிருக்கணும். நான் நிறுத்தியிருக்கணும்."

குனிந்து மீட்டரைப் பார்த்தேன். முள் பூஜ்ஜியத்தில் கிடந்தது. மூலையில் குறுக்குக்கோடு போட்ட மணி. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விடு, வண்டியைப் பார்க்கலாம் என்றேன்.

மகள் பின்சீட்டிலிருந்து இறங்க மறுத்தாள். டோயிங் வண்டி வந்து நின்றும் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே எடுத்தோம். டாக்ஸியில் நான் கால்களைப் பிடித்துக்கொள்ள, மனைவி கைகளைப் பிடித்துக்கொள்ள, அப்படித்தான் நியூ டவுன் வந்து சேர்ந்தோம். பார்த்தவர்கள் எங்களைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்திருக்கலாம்.

இரண்டு நாள் மனைவி சாப்பிடவில்லை. நான் கொன்றுவிட்டேன், என் கையால் கொன்றுவிட்டேன் என்று அடுப்படியில் நின்றுகொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா போன் செய்தபோது, ஆமாம், நான் ஓட்டும்போதுதான், என் தப்புதான் என்றாள். அதையெல்லாம் நான் ஹாலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் போல் ஒரு கோழை அந்தப் பதினொரு மாடியிலும் இருந்திருக்க மாட்டான். மூன்றாம் நாள் காலை ஹவுராவிலிருந்து மிஸ்திரி போன் செய்தார். ப்ளாக் பிளந்துவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஓஸ் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிங்ரிகாட்டா, பொத்தான், மணிப் படம், தள்ளிப்போட்ட ஓஸ் எல்லாம்.

அவள் கத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். பஸ்ஸரை அமர்த்தியதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"ரெண்டு நாளா நான் அழறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தியே" என்றாள்.



பிறகு இன்ஜின் தேட ஆரம்பித்தேன். மல்லிக் பஜாரில் எல்லாக் கடையிலும் சொல்லி வைத்தேன். கிடர்பூரில் பழைய வண்டிகளை உடைக்கும் இடம் வரைக்கும் போனேன். ஆசன்சோலில் ஒன்று இருக்கிறது என்றார்கள், போய்ப் பார்த்தால் துருப்பிடித்த கூடு. ராஞ்சியில் ஒருவன் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அப்புறம் போனை எடுக்கவில்லை. மகள் எடை வாரத்துக்கு வாரம் இறங்கியது. டாக்டர் இந்த முறை குழாயைப் பற்றிப் பேசும்போது, போட வேண்டியிருக்கும் என்று சொல்லவில்லை, என்றைக்குப் போடலாம் என்று கேட்டார்.

காரை ஹவுராவிலிருந்து இழுத்துவந்து எங்கள் பார்க்கிங்கிலேயே நிறுத்தச் சொன்னது மனைவிதான். ஓடாவிட்டாலும் அந்த சீட் இருக்கட்டும் என்றாள். வந்து நின்ற அன்று நாலரைக்கு மகளைக் கீழே கூட்டிப்போனோம். அவள் தானாகக் கதவைத் திறந்து ஏறி, இடது பக்கம் உட்கார்ந்து, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். மனைவி டப்பாவோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் டிரைவர் சீட்டில்.

மகள் காத்திருந்தாள். என்ன செய்வது என்று தெரியாமல் நான் சாவியைத் திருப்பினேன். காலையில்தான் மீட்டரில் பஸ்ஸரைத் திரும்பப் போட்டு வைத்திருந்தேன். எதற்காகப் போட்டேன் என்று கேட்டால் தெரியாது. இன்ஜின் ஓடாது, பிரஷர் இல்லை, முள் பூஜ்ஜியத்தில். பஸ்ஸர் அலறியது. அதை நான் யோசித்திருக்கவே இல்லை. பதறித் திரும்பிப் பார்த்தேன். மகள் இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள். முகம் கோணியிருந்தது, உடம்பு நடுங்கியது. ஆனால் கண்ணாடியில் மோதவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்தேன். அவள் காதிலிருந்து ஒரு கையை எடுத்தாள். முன்னால் எட்டி, என் கையைப் பிடித்து, சாவியின் மேல் கொண்டுபோய் வைத்தாள். பிறகு பின்னால் சாய்ந்து மறுபடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தயாரானாள்.

அவளால் தாங்க முடிந்திருக்கும். வண்டி ஓடுவதற்காக அந்தச் சத்தத்தை அவள் தாங்கியிருப்பாள். இரண்டு நாளோ மூன்று நாளோ தலையை மோதியிருப்பாள், நாங்கள் நடுவில் கையைக் கொடுத்திருப்போம், பிறகு பழகியிருப்பாள். நான் அவளுக்கு அந்த மூன்று நாளைக் கொடுக்கவில்லை.

பின்னால் மனைவி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் சாவியைத் திருப்பினேன். பஸ்ஸர் அடித்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டு இன்ஜின் சத்தம் வருவதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அணைத்தேன். அவள் மறுபடி எட்டி என் கையைச் சாவியின் மேல் வைத்தாள்.